ஐஎஸ்ஓவை காப்பி செய்தால் பூட் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பழைய கணினியைத் தூக்கிப் போடாமல், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் ‘ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, டிவிடியில் காப்பி செய்து, போட்டு ஆன் செய்யவும்’ என்ற அந்த வரியை நம்பி நான் மூன்று டிவிடியை வீணாக்கினேன்.

இறக்கியது லினக்ஸ் வகைகளில் ஒன்றான மிண்ட். கணினியை ஆன் செய்ததும் எஃப்12 அழுத்தி, எதிலிருந்து தொடங்க (பூட் ஆக) வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் டிவிடி டிரைவைத்தான் தேர்ந்தெடுத்தேன், கிர்ரென்று சுற்றும், அப்புறம் அடங்கிவிடும், பழைய விண்டோஸே வந்து நிற்கும். வட்டைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் நிறம் மாறியிருக்கிறது, அதனால் எழுதியதில் தப்பில்லை என்றே நினைத்தேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டியதற்கு, “லென்ஸ் போச்சு அண்ணாச்சி, டிரைவையே மாத்திரணும்” என்றார்கள். வட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

கடைசியில் பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் திறந்து பார்த்தான். உள்ளே ஒரே ஒரு கோப்பு. “மாமா, அரிசி மூடையைப் பிரிக்காம அப்படியே பானைக்குள்ள வச்சிருக்கீங்க” என்று சிரித்தான். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் அச்சு அசல் நகலாம். பூட் ஆவதற்கான தகவலை வட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் கணினி தேடும், கோப்புக்குள் பொதிந்து கிடந்தால் அதன் கண்ணில் படாது. விண்டோஸிலேயே அந்தக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்று வருகிறது, அதைக் கொடுத்து, வேகத்தையும் குறைத்து எழுதினான். இப்போது வட்டைத் திறந்தால் பூட், கேஸ்பர், இஎஃப்ஐ என்று ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரிகின்றன. முதல் தடவையே மிண்ட் வந்துவிட்டது, போச்சு என்ற அதே டிரைவில்!

இன்னொன்று. நீங்கள் சிபாரிசு செய்த இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட 6 ஜிபி, சாதாரண டிவிடி கொள்வது 4.7 தான். அதற்குப் பென்டிரைவ்தான் சரி, அதிலும் காப்பி செய்தால் போதாது, ரூஃபஸ் மாதிரி மென்பொருளால் எழுத வேண்டும்.

‘காப்பி’ என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். என் மூன்று வட்டும் இப்போது கத்தரிச் செடிகளுக்கு மேலே காக்கா விரட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர், அம்பாசமுத்திரம்