ஆய்வுக்குத் துணை நிற்கும் நூலகர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வாளர்களுக்கு உதவும் பணியாளர்களிடம் நான் நடத்தி வந்த கருத்தறியும் பணி நேற்றிரவு நிறைவடைந்தது. இடையில் அது எந்த நிலைக்குச் சென்றது என்பதை உங்களில் பெரும்பாலோர் அருகிலிருந்து பார்த்தீர்கள். அதை மீண்டும் விரிக்க எனக்கு மனமில்லை. தேவையான மறுமொழிகள் வந்து சேர்ந்துவிட்டன என்ற நிம்மதி நெஞ்சில் நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

இம்மடலின் பெரும்பகுதி, தென்மாவட்ட அரசு கலைக் கல்லூரி ஒன்றில் நூலகப் பொறுப்பிலிருக்கும் அம்மையார் ஒருவருக்கு உரியது. பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாம் என்றவர், எழுதியவற்றைப் பிறருக்குச் சொல்ல இசைவளித்தார். கூகுள் படிவம் அவருக்கும் சென்றிருந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலமாதலால் நூலகக் கணினியில் மாணவர்கள் அமர்ந்திருக்க, அவர்களை எழுப்பிவிட்டுத் தாம் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. கைப்பேசியில் தட்டினால் சொல்ல வேண்டியதைச் சுருக்கிவிடுவோம் என்று எண்ணி, வீட்டில் அமர்ந்து, வினா எண்களை வரிசையாக இட்டு, முழுத்தாள்களின் இருபுறமும் கையால் எழுதிப் பதிவஞ்சலில் அனுப்பிவைத்தார். என்னை அவர் பார்த்ததுகூட இல்லை.

ஆய்வேட்டின் வரிகள் பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனை பற்றிய வினாவுக்குத்தான் அவர் நீளமாக விடை எழுதியிருந்தார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை சென்றால் ஆய்வேட்டைத் திருத்திக் குறித்த காலத்துக்குள் மீண்டும் அளிக்க வேண்டும். துணைநூற்பட்டியல், உரிய முறையில் எடுத்தாண்ட மேற்கோள்கள், தற்செயலாகப் பொருந்தும் 14 சொற்கள் வரையிலான தொடர்கள் போன்றவை கணக்கில் சேரா. மென்பொருள் ஓர் எண்ணைத் தந்துவிடும். அதில் எது சேரும், எது சேராது என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். தம்மிடம் வரும் மாணவரிடம் அந்த எண்ணை முதலில் சொல்வதே இல்லை என்று அம்மையார் எழுதியிருந்தார். அறிக்கையைத் திறந்து, வண்ணமிட்ட வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எவற்றைத் தம் சொற்களில் திருப்பி எழுத வேண்டும், எவற்றுக்கு மேற்கோள் குறியும் சான்றும் போதும் என்று பேசி முடித்த பிறகே எண்ணைக் காட்டுவாராம். எண்ணை முன்பே கேட்டவர்கள் அதன் பிறகு எதையும் காதில் வாங்குவதில்லை என்பது அவரது அனுபவம்.

இதற்குச் செலவாகும் நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நூல் வழங்கலுக்கும் வருகைக்கும் பதிவேடு உண்டு, இதற்கு இல்லை. ஆகவே அவர் தாமாகவே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு மாதப் பதிவுகளை, மாணவர் பெயர்களை நீக்கி, எனக்காகப் படியெடுத்து இணைத்திருந்தார். அவர் இசைவுடன் அதைப் பற்றிப் பிற நூலகர்களிடம் தெரிவித்த பிறகுதான், அதுவரை 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் குறித்துவந்த பலர் பத்தி பத்தியாக எழுதத் தொடங்கினார்கள். ஆய்வுக்கு உயிர் வந்தது அங்கேதான்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்தளித்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்த நேரத்தைச் சேமித்துத் தருவதற்காகத் தம் நேரத்தைக் கொடுப்பவரின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி, அம்மையாரின் தாள்களைப் படித்ததிலிருந்து என்னை விடவில்லை. 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறைக்கு வந்து, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இது பெரும் பேறுதான். ஆனால் அவ்விதழ்களுக்குள் நுழையவும் தேடவும் தேர்ந்தெடுக்கவும் மாணவருக்குக் கற்றுத் தருவது நூலகரே என்பதை நீங்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள்.

படிவத்தைத் தம் குழுக்களில் பகிர்ந்த தலைமை நூலகர்கள், இரவுப் பணி முடிந்து விடையளித்த நூலக உதவியாளர்கள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடுகளைப் பதிவேற்றும் கணினி இயக்குநர்கள், முன்னோட்ட வினாநிரலைச் செப்பனிட்ட ஓய்வுபெற்ற நூலகர்கள், புள்ளியியல் துறை நண்பர்கள், பொறுமை காத்த என் நெறியாளர் ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஆய்வின் முடிவுகள் வேறெங்கும் செல்வதற்கு முன், விடையளித்த ஒவ்வொருவருக்கும் எளிய தமிழ்ச் சுருக்கமாக வந்து சேரும். ஆய்வு வழிகாட்டுதலுக்கு ஆகும் நேரத்தை நூலக நாட்பதிவேட்டில் தனி நெடுவரிசையாகச் சேர்க்க வேண்டும் என்பது என் முதல் பரிந்துரையாக இருக்கும். பட்டம் பெற்ற பின்னும் அதை விடாமல் கேட்பேன். உங்கள் விடைகளில் எதையேனும் மேற்கோளாகக் காட்ட விருப்பமில்லை எனில், பகுப்பாய்வு தொடங்குமுன் தெரிவியுங்கள், நீக்கிவிடுகிறேன்.

நன்றியுடன்,
ஆய்வு மாணவி,
நூலகத் தகவல் அறிவியல் துறை