சௌவின் இரவு: சனிக்கிழமை பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் குழு அழைப்பில் அயர்லாந்தின் சௌவின் பண்டிகை பற்றிப் பேசுகிறோம். அக்டோபர் 31 பொழுது சாய்ந்ததும் தொடங்கி நவம்பர் 1 வரை போகும். அறுவடை முடிந்து, மேய்ச்சல் மேட்டிலிருந்து மாடுகளை இறக்கிவிட்டு, குளிர்காலத்துக்குள் நுழையும் நேரம். அன்றைக்கு மறுவுலகின் கதவு திறந்திருக்கும் என்பது பழைய நம்பிக்கை.

அயர்லாந்தின் தாரா குன்றில் சுமார் 5000 ஆண்டுப் பழமையான கல்லறை மேடு ஒன்று உண்டு. சௌவின் நாட்களில் காலை வெயில் அதன் குறுகலான வழியே நேராக உள்ளே போய் விழும். அயர்லாந்தின் மேயோ பகுதி அருங்காட்சியகத்தில் இருக்கும், டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கின் வார்ப்பையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். சுருங்கிய முகம், இளிக்கிற பல். இன்றைய ஹாலோவீன் பூசணிக்காய்க்கு இந்த மிரட்டல் வராது!

அப்புறம், பலர் கேட்ட ஷாமன் (ஆவி உலகோடு தொடர்பு கொள்பவர்) பயிற்சி. மேளச் சத்தத்தோடு கண்மூடிப் ‘பயணம்’ போவது இன்றைய சௌவின் கூட்டங்கள் சிலவற்றில் நடக்கிறது. அது பெரும்பாலும் அமெரிக்க மானிடவியலாளர் மைக்கேல் ஹார்னர் 20ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையிலிருந்து வந்தது. அயர்லாந்தின் ஆதி வழக்கம் என்று சொல்லி விற்பவர்களிடம் பணம் கட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

அழைப்புக்கான இணைப்பு வெள்ளி மாலை இங்கேயே வரும்.