தாழ்த்திய வண்டியும் ஒழுகும் பானும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் முழங்கால் பழையபடிதான் இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்துவிடலாம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடு.

இனி உன் பிக்கப் சமாச்சாரம். வண்டியின் உயரத்தைத் தாழ்த்தியதிலிருந்து கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டு, அதாவது பான், ஒழுகுகிறது, விளிம்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றி, சிலிக்கான் பூசி, போல்ட்டை இன்னும் இறுக்கியும் நிற்கவில்லை என்கிறாய். இறுக்கியதால்தான் நிற்கவில்லை என்பது என் கட்சி.

உன் 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பானுக்கு 16 போல்ட். ஒவ்வொன்றுக்கும் 11 நியூட்டன் மீட்டர் போதும், மணிக்கட்டுப் பலமே அதிகம். அதைத் தாண்டினால் தகட்டு விளிம்பு துளையைச் சுற்றி மேலே இழுபட்டு, இரண்டு போல்ட்டுக்கு நடுவே தொய்ந்துவிடும். எண்ணெய் வருவது அந்த நடுவில்தான். பானைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்துப் பார். துளைப்பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு இடையில் வெளிச்சம் தெரிந்தால் அதுதான் வியாதி. கேஸ்கெட் உட்காரும் முகம் மேலே இருக்கும்படி வைத்து, விளிம்புக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, உருண்டை முனைச் சுத்தியலால் மெல்லத் தட்டி மட்டமாக்கு. பொறுமையாகச் செய். இந்த வேலையில் பாதி இதுதான்.

சிலிக்கானை விட்டுவிடு. இரும்புத் தகட்டைச் சுற்றி ரப்பர் வார்த்த கேஸ்கெட் காய்ந்த முகத்தில்தான் பிடிக்கும். பசை பூசினால் இறுக்கும்போது வழுக்கி வெளியே பிதுங்கிவிடும். உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து ஃபில்டருக்குப் போகும். கியர்பாக்ஸ் உடல் அலுமினியம் என்பதால் இரும்புச் சுரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். போல்ட் எல்லாவற்றையும் முதலில் விரலால் ஏற்றிவிட்டு, பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கு.

பானின் அடித்தட்டையும் தடவிப் பார்த்தாயா? தாழ்த்திய வண்டியில் வேகத்தடை அதை உரசிவிடலாம். தட்டு உள்ளே அமுங்கினால் ஃபில்டரின் வாய் அடைபட்டு, பம்புக்கு எண்ணெய் போதாமல் கியர் நழுவும். ஒழுகலை விட அது பெரிய செலவு. உள்ளே இருக்கும் காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் பூச்சு இருந்தால் சகஜம். சில்லு சில்லாக உலோகம் ஒட்டியிருந்தால் பெட்டியையே திறக்க வேண்டியிருக்கும்.

ஆழமான பான் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இருக்கும் இடைவெளியே போதாத இடத்தில் இன்னும் கீழே இறக்குவானேன்? ஃபில்டர் பிரச்சினையும் இருக்கிறது. ஆழப் பானுக்கு வேறு, ஆழமில்லாததற்கு வேறு. மாற்றிப் போட்டால், ஒன்றில் ஃபில்டர் காற்றை உறிஞ்சும், மற்றதில் பானின் அடித்தட்டில் முட்டி நிற்கும்.

ஜாக் நுழையாது, தெரியும். சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றிக்கொண்டால் நுழையும். அப்புறம் ஸ்டாண்டை ஃப்ரேமுக்கு அடியில் கொடு. காற்றுப்பை சஸ்பென்ஷனை ஊதிவிட்டு, அதை நம்பி மட்டும் அடியில் போய்விடாதே. அது எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது.

பானைக் கழற்றினால் சுமார் 4.7 லிட்டர்தான் வரும், மீதி பெரும்பாலும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் கன்வெர்ட்டரிலேயே நிற்கும். ஏறக்குறைய அதே அளவு ஊற்றிவிட்டு, வண்டி சமதளத்தில் வழக்கமான உயரத்தில் நிற்க, எண்ணெய் சூடானதும், கியர் பார்க்கில் இருக்க, எஞ்சின் ஐடிலிங் ஓடும்போதே கியர்பாக்ஸ் எண்ணெய் அளவுகோலைப் பார். ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்க்கும் அளவு பொய் சொல்லும்.

இதையெல்லாம் தொடங்குமுன் ஒன்று செய். பானையும் அதற்கு மேலே இருப்பதையும் நன்றாகக் கழுவித் துடைத்து, முகப்பவுடர் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார். அளவுகோல் குழாயின் சீல், கியர் மாற்றும் ஷாஃப்டின் சீல் இரண்டில் எது ஒழுகினாலும் எண்ணெய் பான் விளிம்பில்தான் வந்து சேரும். ஈரக்கோடு எங்கிருந்து இறங்குகிறது என்று எழுது. இடதுபக்கம் கியர் ஷாஃப்டுக்குக் கீழே என்றால், அந்தச் சின்ன சீலை மாற்றிவிட்டு அப்புறம் பானைப் பற்றி யோசிக்கலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி