ஆண்டறிக்கை: சின்னமும் சிலையும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பேரவையில் செயற்குழுவிடம் ஒரு வேலை கொடுத்தீர்கள். நகருக்குச் சின்னமாக ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சிலை வைக்கத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பது தீர்மானம். அந்தத் திட்டம் இன்று என் கையில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்த அறிக்கை. மற்றபடி கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, போதிய உறுப்பினர் வராமல் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

சரி, விலங்குக்கு வருகிறேன். மற்ற நகரங்களில் இது எப்படி நடந்தது என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று தொடங்கினோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

முதலில் ஹச்சிகோ. 1925 மே மாதம் பேராசிரியர் உவேனோ இறந்த பிறகும் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்த நாய். அதன் விசுவாசத்தைப் பேசும் நாம், நிலையத்தில் பலர் அதைத் தொல்லையாக நினைத்து விரட்டியதை மறந்துவிடுகிறோம். 1932இல் நாளிதழில் செய்தி வந்த பிறகுதான் அது எல்லோருக்கும் செல்லமானது. 1934இல் சிலை திறந்தபோது ஹச்சிகோவே அங்கே இருந்தது. உயிரோடு இருக்கும்போதே தன் சிலைத் திறப்புக்குப் போனவர்கள் வேறு சிலரும் உண்டு என்று ஓர் உறுப்பினர் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை. மறு ஆண்டு நாய் இறந்தது. போர்க்காலத்தில் உலோகத்துக்காகச் சிலையையும் உருக்கிவிட்டார்கள். ஆனால் 1948இல், முதல் சிலையைச் செய்த சிற்பியின் மகனே இன்னொன்றைச் செய்தார். இன்றும் ஷிபுயாவில் யாரையாவது சந்திப்பதென்றால் “ஹச்சிகோ பக்கத்தில் நில்” என்கிறார்கள். ஒரு விலங்கு சின்னமானதற்கு அடையாளம் அந்த இரண்டாவது சிலைதான் என்று எனக்குப் படுகிறது. முதல் சிலையை ஒரு குழு கூடி வைத்துவிடலாம்.

இஸ்தான்புல்லின் தொம்பிலி என்ற தெருப்பூனையும் இதையேதான் சொன்னது. நடைபாதைப் படியில் ஒரு கையை ஊன்றி, பெரியவர்கள் திண்ணையில் சாய்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும். 2016இல் அது இறந்ததும் ஆயிரக்கணக்கானோர் மனு போட, அதே இடத்தில் அதே சாய்வில் சிலை வந்தது. அடுத்த மாதமே யாரோ திருடிப்போனார்கள். கிளம்பிய கூச்சலில் சில நாட்களில் சிலை திரும்பி வந்துவிட்டது.

செயற்குழுவில் அதிகச் சத்தம் போட்டுப் பேசியது அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து வௌவால்களைப் பற்றி. 1980இல் அங்கே ஒரு பாலத்தைப் புதுப்பித்தபோது அடியில் விழுந்த குறுகிய இடுக்குகள் அவற்றுக்கு வாகாக அமைந்துவிட்டன. வெறிநோய் வரும் என்று பயந்து ஒழிக்கச் சொன்னார்கள். அப்புறம் மெர்லின் டட்டில் என்ற வௌவால் ஆய்வாளர் தன் அமைப்பையே அந்த நகருக்கு மாற்றிக்கொண்டு வந்து, கையால் தொடாமல் இருந்தால் போதும், அவை பூச்சிகளைத் தின்பவை என்று பொறுமையாக விளக்கினார். இன்று கோடையில் சுமார் 15 லட்சம் வௌவால்கள் அந்தி நேரத்தில் புகைபோல் கிளம்புவதைப் பார்க்கப் பாலத்தில் கூட்டம் நிற்கிறது. நம் பட்டியலிலிருந்து முதல் நாளே நீக்கிய பெயர் வௌவால் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பாபி என்ற நாய்க்கு 1873இல் வைத்த சிலையின் மூக்கை வருகிறவர்கள் எல்லாம் தடவி, கருப்புப் பூச்சு போய்ப் பளபளவென்று ஆகிவிட்டது. தடவாதீர்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலை. அந்தத் தொல்லை நமக்கும் வரட்டும் என்றார் தலைவர்.

ஆகவே வாக்கெடுப்பு வைத்து விலங்கைத் தேர்ந்தெடுக்கும் எண்ணத்தைச் செயற்குழு கைவிட்டது. இருவர் உடன்படவில்லை. அவர்கள் கருத்து தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. மக்கள் ஏற்கெனவே எந்த விலங்கைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எதைச் சொல்லி வழிகாட்டுகிறார்கள் என்று உறுப்பினர்கள் ஓராண்டு குறித்துவர ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். சென்ற ஆண்டுத் தீர்மானத்தில் ‘சிலை’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கிறேன். அதற்கென்று ஒதுக்கிய தொகை பொருளாளரிடம் அப்படியே இருக்கிறது.

செயலாளர்