செம்மறிப் பால் சீஸ்: பால் வற்றும் மாதங்களையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்மறி ஆடுகளைக் கறந்து, அந்தப் பாலில் பண்ணையிலேயே சீஸ் செய்து விற்கும் ஐரோப்பியக் குடும்பம் ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதைப் படித்த நாளிலிருந்து, வளைகுடா வேலையை விட்டு ஊர் திரும்பியிருக்கும் இளைஞர்கள் சிலர், கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கங்களில் அதுபோன்ற பண்ணை தொடங்கலாமா என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அவர்களுக்குச் சொன்ன பதிலை மற்ற வாசகர்களும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

குட்டிகள் பிறக்கும் வசந்தத்தையும் பால் பெருகும் மாதங்களையும் கட்டுரை மனம் நிறைய விவரித்தது. ஆண்டில் சில மாதங்கள் அந்தப் பண்ணையில் கறவையே இல்லை என்பதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டது. தொழிலில் இறங்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

குளிர்நாட்டுச் செம்மறிகள் பெரும்பாலும் பகல் சுருங்கத் தொடங்கும் இலையுதிர் காலத்தில்தான் பருவத்துக்கு வருகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 5 மாதம் என்பதால், குளிர் விலகிப் புல் தளிர்க்கும் வேளையை ஒட்டி அவை குட்டி போடுகின்றன. பிரான்சில் ரோக்ஃபோர்ட் சீஸுக்குப் பால் தரும் லக்கோன் ஆடுகளில், குட்டிகள் ஏறத்தாழ ஒரு மாதம் குடித்த பிறகே கறவை தொடங்குகிறது. கோடை முடிவதற்குள் பால் வற்றிவிடுகிறது. அடுத்த ஈற்று வரை இத்தகைய பண்ணைகளின் அடுப்பு எரிவது முன்பே செய்து முதிரவைத்த சீஸை விற்றுத்தான். ரோக்ஃபோர்ட் குறைந்தது 90 நாள் முதிர வேண்டும் என்பது விதி. பெருகிய காலத்துப் பாலை வற்றிய காலத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்றே அமைந்த தொழில் இது. செம்மறிப் பாலில் கொழுப்பு மட்டுமே 6 முதல் 7 விழுக்காடு உண்டு. ஒரு கிலோ சீஸுக்குப் பசும்பால் ஏறத்தாழ 10 லிட்டர் தேவைப்படும் இடத்தில் இது 5, 6 லிட்டரே போதும். ஆனால் ஓர் ஆடு ஒரு வேளைக்குத் தருவது மிகக் குறைவு என்பதால், சிறு பண்ணையாளர்கள் சீஸ் செய்வதற்குப் போதுமான அளவு சேரும்வரை பாலை உறையவைத்துச் சேமிப்பதும் உண்டு.

நம் மாவட்டத்தின் கணக்கு வேறு. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு இருப்பதால், நம் ஆடுகள் எந்த மாதத்திலும் சினைப்படக்கூடியவை. பருவத்தை வகுப்பவை மழையும் மேய்ச்சலும்தான். மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளை இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை நனைக்கும்போது தோவாளையில் காற்றுதான் மிகுதியாக வீசும். அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையே பெரிது. நிலத்தில் ஈரம் நிற்கும் அந்த மாதங்களில் குடற்புழுவும் குளம்பு அழுகலும் வருகின்றன. சிறு கடிப்பூச்சிகள் பரப்பும் நீலநாக்கு நோய்க்கும் அதுவே காலம். அப்போது பிறக்கும் குட்டிகளைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் கிடை போடுபவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆகவே கிடாயைத் தனியே கட்டிவைத்து ஆடி மாதத்தில் மந்தையில் சேர்த்தால், மார்கழியில் மழை ஓய்ந்தபின் குட்டிகள் பிறக்கும். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்த வயல்களின் மேய்ச்சலும் பால் இருக்கும் மாதங்களிலேயே கிடைக்கும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காமல் எல்லா மாதமும் பால் வேண்டும் என்று நினைப்பவர் தீவனத்துக்கும் மருந்துக்குமே செலவழித்து ஓய்ந்துவிடுவார்.

இனம் பற்றியும் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களின் கீழக்கரிசல், வெம்பூர் ஆடுகள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. அவற்றின் பால் குட்டிகளுக்கே சரியாக இருக்கும். அதைக் கறந்து சீஸ் செய்யச் சொல்வது குட்டியைப் பட்டினி போடச் சொல்வதாகும். சீஸில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கு, கேரளத்தை ஒட்டிய பகுதிகளில் வீடுகளிலேயே வளர்க்கப்படும் தலைச்சேரி வெள்ளாட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். நல்ல பராமரிப்பில் அது நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவில் பால் தரும். வீட்டுத் தோட்டத்துப் பலா இலையை விரும்பித் தின்னும். அதற்கும் பால் வற்றும் காலம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

முதிரவைப்பதிலும் நம் ஊர் வெப்பம் குறுக்கே நிற்கிறது. சீஸ் முதிர்வதற்கு ஏறத்தாழ 10 முதல் 13 பாகை செல்சியஸ் குளிர்ச்சியும் மிகுந்த ஈரப்பதமும் வேண்டும். ரோக்ஃபோர்ட் ஊருக்குக் கொம்பலூ மலையின் குகைகளும், பாறை வெடிப்புகள் வழியே வரும் குளிர்காற்றும் வாய்த்திருக்கின்றன. நாமோ ஆண்டு முழுவதும் இரவும் பகலும் மின்சாரத்தால் ஓர் அறையைக் குளிரவைக்க வேண்டும். எனவே சில நாள்களில் விற்றுத் தீரும் மென்மையான புதுச் சீஸ்தான் தொடக்கத்துக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் புதுச் சீஸை வற்றும் மாதங்களுக்கு எடுத்துவைக்க முடியாது. அந்த மாதங்களுக்குக் குட்டி விற்பனை, எரு, தென்னை, வாழை என்று வேறு வருமானம் இருந்தே ஆக வேண்டும்.

திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம், ஆட்டுப் பாலில் மதிப்புக்கூட்டல் குறித்துப் பயிற்சி நடத்துமானால், சீஸ் செய்முறையைக் கற்பிப்பதற்கு முன்பே, சினைக்கு விடும் மாதம், ஈற்று மாதம், கறவை நிற்கும் மாதம், அந்தந்த மாதத்துத் தீவனச் செலவு ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம் நிலத்துக்கேற்ப எழுதித் தரும்படி செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் அடுத்த முறை இத்தகைய பண்ணை ஒன்றை அறிமுகப்படுத்தும்போது, பால் இல்லாத மாதங்களில் அந்தக் குடும்பம் எதைச் செய்தது, எதை விற்றது என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.