தம்பியோடு விமானம் ஏறவிருக்கும் மகளுக்கு

குழித்துறை,
புரட்டாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

அம்மை எழுதுவது. பயிற்சிக்குச் சேரும், சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பியைத் திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு விமானத்தில் அழைத்துப் போக நீயே விடுப்பெடுத்து அங்கிருந்து வருகிறாய் என்று அறிந்ததும் மனம் நிறைந்தது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்களே ஆகியிருப்பதால் அவரை விட்டு நான் வர இயலாது. இதுவரை அவனோடு விமானத்தில் போய் வந்தவள் நான் என்பதால், எனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அவன் உடலைப் பற்றிய செய்திகளும் இதில் இருப்பதால், முழுவதையும் அவனிடம் படித்துக் காட்டி, அவன் சரி என்று சொன்ன பிறகே அஞ்சலில் சேர்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் எவர் வந்து எதைக் கேட்டாலும் உன்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். "இவர் நடப்பாரா? இவரால் உட்கார முடியுமா? இவருக்கு என்ன ஆயிற்று?" என்று, நாற்காலியில் இருப்பவனின் தலைக்கு மேலாக, பின்னால் நிற்பவரிடம் பேசுவதே அவர்கள் வழக்கம். ஒருமுறை ஒரு விமான நிலையத்துக் கவுண்டரில் அவனுடைய பெயரைக்கூட என்னிடம் கேட்டார்கள். அவன் அடையாள அட்டையைக் கையில் நீட்டிக்கொண்டே இருந்தான். திருவனந்தபுரத்தில் மலையாளம் என்பதால் அவன் உடனே பதில் சொல்லிவிடுவான். டெல்லியில் இறங்கும்போது பேச்சு இந்தியில் இருக்கும்; அவனுக்கு அது அவ்வளவாகத் தெரியாது; உனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் நீயே பதில் சொல்லி முடித்துவிடுவது எளிது. அப்படிச் செய்யாதே, மக்களே. கேள்வியைத் தமிழில் அவனிடம் சொல். அவன் சொல்லும் பதிலை இந்தியில் அவர்களிடம் சொல். இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும். அயனி மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட நாளிலிருந்து தன் உடலை எப்படித் தூக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பதை அவன் அளவுக்கு அறிந்தவர் எவரும் இல்லை.

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலிப் பயணி என்று பதிவு செய்ய வேண்டும். அங்கே விட்டுப்போனால் புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் மூன்று வகை உண்டு. படியேறவும் நடக்கவும் முடிந்து, தொலைவு மட்டும் நடக்க இயலாதவருக்கு டபிள்யூ.சி.எச்.ஆர். என்ற குறியீடு. படியேற இயலாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். இருக்கை வரை கொண்டுபோய் அமர்த்த வேண்டியவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. நம் தம்பிக்கு உரியது கடைசி வகை. வெறுமனே 'வீல்சேர் வேண்டும்' என்று சொன்னால் பெரும்பாலும் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள். அன்று விமானத்துக்குள் கொண்டுபோகும் ஒடுக்கமான நாற்காலியும் தூக்க ஆளும் இல்லாமல் போகும். ஆகவே அந்தக் கடைசி எழுத்து சரியாக இருக்கிறதா என்று அவன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும்.

இருக்கையைப் பற்றி ஒரு சொல். கால் நீட்ட இடமிருக்கிறது என்று முதல் வரிசையைத் தருவார்கள். அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி மேலே எழாது. அதைத் தாண்டி அவனைத் தூக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, மூன்றாவது வரிசையில் நடைவழியை ஒட்டிய இருக்கைதான் அவனுக்கு ஏற்றது. அந்த இருக்கையின் கைப்பிடி அசையாததுபோலத் தெரிந்தாலும், பல விமானங்களில் அதன் அடியில், பின்பக்கத்து மூட்டுக்கு அருகே, விரலால் தடவினால் அகப்படும் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும். பணிப்பெண்களிலேயே சிலர் இதை அறிந்திருப்பதில்லை. அவசர வழி இருக்கும் வரிசையில் அவனுக்கு இடம் தர மாட்டார்கள். அது எங்கும் உள்ள விதி, அதற்காக வாதாட வேண்டாம்.

வாதாட வேண்டிய இடம் வேறு. பெட்டியைக் கொடுக்கும் கவுண்டரிலேயே அவனுடைய நாற்காலியையும் வாங்கிக்கொண்டு, விமான நிலையத்து நாற்காலியில் மாறச் சொல்வார்கள். அது பொது நாற்காலி. அகலம் அவனுக்குப் பொருந்தாது, கால்தாங்கி தொங்கும், தானாக உருட்டிப் போகவும் முடியாது, மெத்தையும் இல்லை. தன் நாற்காலியிலேயே விமானத்தின் கதவு வரை வர விரும்புகிறேன் என்று அவன் சொல்லலாம். சொந்த நாற்காலியா, நிலையத்து நாற்காலியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பயணிக்கு உண்டு. நாற்காலிக்குக் கட்டணமும் இல்லை. இறங்கும்போதும் கதவடியிலேயே திருப்பித் தர வேண்டும் என்ற அட்டை அதில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள். இல்லையென்றால் அது பெட்டிகளோடு சுழலும் பட்டைக்குப் போய்விடும். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் நாற்காலிப் பற்றாக்குறையால், நாற்காலியில் சென்ற மனைவியோடு நடந்தே வந்த 80 வயது முதியவர் சரிந்து விழுந்து இறந்துபோனதும், அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதும் உனக்கு நினைவிருக்கும். சொந்த நாற்காலியைக் கையோடு வைத்திருப்பதில் நான் இத்தனை உறுதியாக இருப்பதற்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம்.

நாற்காலியை ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள். மெத்தை, இரு பக்கத் தடுப்புகள், கழற்றக்கூடிய கால்தாங்கிகள் எல்லாவற்றையும் கழற்றித் துணிப்பையில் போட்டு உங்களோடு உள்ளே கொண்டுபோங்கள். தொலைபவை இந்தச் சிறு உறுப்புகளே. எப்படி மடக்க வேண்டும், எந்தக் கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு தாளில் எழுதி நாற்காலியின் முதுகில் ஒட்டிவிடு. இந்தியில் நீ எழுதித் தந்தால் நல்லது. நாற்காலியின் திருகுகளை முடுக்கும் ஸ்பேனரையும் அலன் கீயையும் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடக்கூடும் என்பதால் அவை பெட்டியில் போகட்டும். அவனுடையது கையால் தள்ளும் நாற்காலி என்பதால் பேட்டரியைப் பற்றிய கேள்வி எழாது. கேட்டால் இல்லை என்று சொன்னால் போதும்.

மெத்தையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அது காற்றடைத்த மெத்தை. விமானம் மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறையும். மெத்தைக்குள் அடைபட்ட காற்று விரிந்து, மெத்தை கல்லாக இறுகிவிடும். அதன் மீது உட்கார்ந்தால் புண் வரும். ஆகவே மேலே சென்ற பின் சிறிது காற்றை விட்டு, இறங்கியதும் மீண்டும் அடித்துக்கொள்ள வேண்டும். சிறு பம்பு கைப்பையில் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும் என்பதால், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அவன் கைகளை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்வான். தூங்கிவிட்டால் எழுப்பிவிடு, பாவம் தூங்கட்டும் என்று விட்டுவிடாதே.

இனி, இருக்கைக்கு மாறும் அந்த ஐந்து நிமிடம். உங்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள். கதவடியில் தோள்பட்டை அகலமே உள்ள ஒரு நாற்காலி வரும். நெஞ்சிலும் தொடையிலும் பட்டை போட்டுக் கட்டுவார்கள். அவன் தன் இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்வான். பின்னால் நிற்பவர் அவன் அக்குள் வழியாகக் கையை விட்டு அந்தக் கட்டிய முன்கைகளைப் பிடிக்க வேண்டும். முன்னால் நிற்பவர் முழங்காலுக்குக் கீழே இரு கையையும் கொடுக்க வேண்டும். சட்டையையோ கால்சட்டையின் இடுப்பையோ பிடித்து இழுக்க விடாதே. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணுவது அவனாக இருக்க வேண்டும். இந்த வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னவன் அவனே. மூன்று பேர் மூன்று நேரத்தில் தூக்கியதால் இடுப்பு கைப்பிடியில் மோதிய அனுபவம் அவனுக்கு உண்டு. அங்கே உணர்வில்லாததால் அவனுக்கு அது வலிக்கவில்லை என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

ஆகவே அவன் அமர்ந்ததும் நீ குனிந்து அவன் கால்களைப் பார். பாதம் மடங்கி முன் இருக்கையின் கம்பிக்கு அடியில் சிக்கியிருக்கலாம். குதிகால் தகட்டில் உரசித் தோல் பெயர்ந்திருக்கலாம். அவனுக்குத் தெரியாது. இரு பாதங்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா, காலுறையில் மடிப்பு இருக்கிறதா, பின்பையில் சாவியோ பணப்பையோ அழுந்துகிறதா என்று அவனிடம் சொல்லிவிட்டுப் பார். வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது அவனுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே, உணர்வில்லாத இடத்தைக் கண்ணால் காத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைத்தான். அந்த மையத்தைத் தொடங்கிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்துக்குப் பின் தாமே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு அறுவை சிகிச்சை செய்தவர். அங்கிருந்து திரும்பிய பிறகே நம் பிள்ளை தலை நிமிர்ந்து பேசினான்.

கழிவறைக்கு விமானத்துக்குள் போவது அவனுக்கு ஏறத்தாழ இயலாது. அந்தக் கதவு அத்தனை சிறியது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவன் குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பான். வீட்டில் புறப்படும்போது ஒருமுறையும், பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையில் ஒருமுறையும் எடுத்துவிட்டால் டெல்லி வரை தாங்கும். அதற்கான நேரத்தை எவரும் அவசரப்படுத்தக் கூடாது. அழைப்பு வந்துவிட்டது என்று உதவியாளர் கதவைத் தட்டினால் நீ வெளியே நின்று சமாளித்துக்கொள். பயணம் என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பார்ப்பான். அது சிறுநீரகத்துக்குக் கேடு, அளவாகக் குடிக்கச் சொல். குழாய்களும் மருந்தும் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும்.

பாதுகாப்புச் சோதனையில் அவன் நாற்காலியில் இருந்தபடியே சோதித்துக்கொள்ளலாம்; எழுந்து நிற்கச் சொன்னால் இயலாது என்று அமைதியாகச் சொன்னால் போதும், தனியறையும் கேட்கலாம். விமானம் தொலைவில் நின்றால் ஆம்புலிஃப்ட் என்ற தூக்கு வண்டி வரும். அறையோடு மேலே உயர்த்திக் கதவில் சேர்த்துவிடும். அது வரத் தாமதமாகிறது, நான்கு பேர் படியில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏற்றிக்கொள்ளவே தயங்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. 2012-இல் பெருமூளை வாதமுள்ள ஜீஜா கோஷ் என்பவர் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டு, விமானத்தில் அமர்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவர் விடவில்லை, 2016-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2022-இல் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்த நிகழ்வுக்குப் பின் விதியும் திருத்தப்பட்டது. ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. உடல்நிலை பற்றி ஐயம் இருந்தால் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். குரலை உயர்த்தாமல், எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

டெல்லியில் உங்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். அவனுடைய நாற்காலி கதவடிக்கு வந்துவிட்டது என்று உன் கண்ணால் பார்க்கும் வரை இருக்கையிலிருந்து அவனை எழுப்ப விடாதே. விமானத்தைத் துடைக்க வேண்டும் என்று துரிதப்படுத்துவார்கள், பொறுத்திருக்கச் சொல். சக்கரம் கோணியிருந்தாலோ கம்பி வளைந்திருந்தாலோ நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் பதிந்து அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐப்பசியில் சாமியைக் கடலில் நீராட்டும் ஆராட்டு அன்று திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயில் ஊர்வலம் விமான ஓடுபாதை வழியாகவே சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், பங்குனியிலும் அப்படியே. அன்று மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும், நேரங்கள் மாறும். சாமி போகட்டும், நாம் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். அவனுக்குக் கணக்கிட்ட நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது ஆகாது. சாலையைப் பொறுத்தவரை, களியக்காவிளை தாண்டிப் பழைய வழியில் போனால் நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் நின்று நின்றுதான் போக வேண்டும்; காரோடு என்ற இடத்திலிருந்து புறவழிச்சாலையைப் பிடிக்கச் சொல்கிறேன். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகிய நம் ஊர் ஓட்டுநர்கள் நேரே சாக்கையில் உள்ள பன்னாட்டு முனையத்துக்கு வண்டியை விட்டுவிடுவார்கள். உங்கள் டிக்கெட்டில் எந்த முனையம் என்று பார்த்து முன்னதாகவே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

நீ எந்த நாளில் இங்கே வந்து சேர்வாய் என்பதை அவனுக்கே தெரிவித்துவிடு. இருவருக்குமான முன்பதிவை அவன்தான் செய்யப் போகிறான்.

இப்படிக்கு,
உன் அம்மை