கடைசி எபிசோடில் யார் வாயைத் திறக்கிறார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறுகிறாள்.

மாஃபியாத் தலைவன் டோனியின் கதையான 'தி சோப்ரானோஸ்' தொடரை முடித்துவிட்டு ஃபோனில் பொரிந்து தள்ளினாயே, அதற்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கு டூட்டிக்குக் கிளம்பும் அவசரம். எனக்கும் ஃபோனில் கோர்வையாகப் பேச வராது. "இந்த மாதிரி இருட்டுத் தொடர் எதுவுமே உருப்படியா முடியாதுப்பா. ஆறு சீசன் பார்க்க வெச்சிட்டு ஸ்க்ரீனைக் கறுப்பாக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 'எதுவுமே'யை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்தக் கடைசிக் காட்சி ஒளிபரப்பானது 2007 ஜூன் 10. அமெரிக்காவில் அன்றிரவு பல பேர் கேபிள்தான் போய்விட்டது என்று நினைத்தார்களாம். நியூ ஜெர்சியில் ஒரு ஐஸ்கிரீம் கடை. டோனியும் மனைவியும் மகனும் வெங்காய வளையம் தின்றுகொண்டிருக்கிறார்கள். வெளியே மகள் காரை நிறுத்த முடியாமல் முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் கழிவறைக்குப் போகிறான். கதவு திறக்கிறது, டோனி நிமிர்ந்து பார்க்கிறான், அவ்வளவுதான். செத்தானா பிழைத்தானா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். நீயும் அதைத்தான் கேட்டாய்.

எனக்கென்னவோ, நீ தேடும் முடிவு அதற்கு முந்தைய எபிசோடிலேயே வந்துவிட்டது. மனநல மருத்துவர் மெல்ஃபி டோனியை இனிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாளே, அந்த இடம். முதல் எபிசோடில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தவன் அவன். அம்மாவைப் பற்றிப் பேசினான், கனவுகளைப் பேசினான், குளத்துக்கு வந்த வாத்துகளைப் பற்றிப் பேசி அழுதான். செய்த கொலைகளை மட்டும் பேசவில்லை. உண்மையைச் சொல்வதற்கென்றே போட்டிருந்த நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்து அதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னான். அந்த வாசலும் மூடியாயிற்று. அதற்குப் பிறகு அவனைச் சுட்டால் என்ன, சுடாவிட்டால் என்ன? கடைசி எபிசோடில் பெரியப்பா ஜூனியரைப் பார்க்கப் போகிறானே, நினைவிருக்கிறதா? நீங்களும் என் அப்பாவும் சேர்ந்து வட ஜெர்சியையே ஆண்டீர்கள் என்கிறான். கிழவருக்கு நினைவு தப்பிவிட்டது. அப்படியா, நல்ல விஷயம்தான் என்கிறார். ஊரையே நடுங்க வைத்த வாழ்க்கைக்குக் கடைசியில் கிடைத்தது அவ்வளவுதான். என்னை உலுக்கியது அந்தக் காட்சி. ஐஸ்கிரீம் கடை அதற்கு அப்புறம்தான்.

நான் ஏன் இப்படிப் பார்க்கிறேன் என்றால், நான் இருந்த இடம் அப்படி. செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கு என்றால் முடிவு தீர்ப்பில் இருக்கிறது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்திருந்த எனக்கு அதற்கு முந்தைய ஒரு நாள்தான் மனதில் நிற்கும். அரசுத் தரப்பு சாட்சிகள் எல்லாரும் முடிந்ததும், நீதிபதி எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனை, கூப்பிட்டு, இன்னார் உன்னைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து '313 கேள்வி' என்போம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 351ஆம் பிரிவு. சத்தியப் பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. வழக்கு முழுக்க அவனே நேராகப் பேசுவதற்கென்று கிடைக்கும் இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான். கேள்விகள் டைப் செய்த தாளில் பதிலுக்கு இடம் விட்டிருக்கும். அந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை 'பொய்', 'பொய்', 'தெரியாது', 'பொய்' என்றே வரும். அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, அதில் நான் குறை காணவில்லை.

ஒருமுறை ஆயுள் தண்டனை சொல்லி முடித்த பிறகு, செத்துப்போன பையனின் தாய் வராந்தாவில் என்னை நிறுத்தினாள். எத்தனை வருஷம் என்று கேட்கவில்லை. "ஏன் செஞ்சேன்னு எங்கயாச்சும் சொல்லியிருக்கானா சார்?" என்று கேட்டாள். வழக்குக் கட்டு முழுவதையும் படித்தவன் நான். இல்லைம்மா என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். தண்டனை கிடைத்தும் அந்த அம்மாளுக்கு வழக்கு முடியவே இல்லை.

அப்போதிருந்து எந்தக் குற்றத் தொடரைப் பார்த்தாலும் என் மனது அந்த இடத்தைத்தான் தேடும். மாட்டினானா தப்பித்தானா என்பது இரண்டாம் பட்சம். சொல்ல வேண்டியதை, கேட்க வேண்டியவர்கள் முன்னால் சொன்னானா? சொன்னதற்கு விலை கொடுத்தானா? அது நடந்துவிட்டால், கதை எவ்வளவு இருட்டாக இருந்தாலும் எனக்கு நிறைவாக இருக்கிறது. நடக்காவிட்டால், அத்தனை கெட்டவர்களையும் தூக்கில் போட்டாலும் ஏதோ குறைகிறது.

2013 செப்டம்பரில் ஒரே வாரத்து இடைவெளியில் இரண்டு தொடர்கள் முடிந்தன. 22ஆம் தேதி 'டெக்ஸ்டர்'. எட்டு சீசன் ஊரை ஏமாற்றிய கொலைகாரன் தங்கையின் உடலைக் கடலில் விட்டுவிட்டு, புயலுக்குள் படகை ஓட்டி, கடைசியில் எங்கோ மரம் வெட்டும் இடத்தில் தாடியோடு உட்கார்ந்திருக்கிறான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜனங்கள் காறித் துப்பினார்கள், 2021இல் அதைத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு, 29ஆம் தேதி, 'பிரேக்கிங் பேட்'. துப்பாக்கிச் சண்டை எல்லாம் எனக்குப் பெரிதில்லை. அதற்கு முன்னால், போதைமருந்து காய்ச்சி விற்ற வால்டர் தன் மனைவியின் சமையலறையில் நிற்கிறான். குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்று இன்னொரு முறை கேட்க நேர்ந்தால், என்று அவள் ஆரம்பிக்கிறாள். எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்கிறான் அவன். அந்தத் தொடர் அந்த நொடியில் முடிந்துவிட்டது என்பேன்.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவதே 'தி ஷீல்ட்' பற்றிச் சொல்லத்தான். நீ அதைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். 2002இல் ஆரம்பித்து 2008 நவம்பரில் முடிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு போலீஸ் ஸ்டேஷன், விக் மேக்கி என்று ஒரு அதிகாரி. முதல் எபிசோடிலேயே, தன்னை வேவு பார்க்க வந்த சக போலீஸ்காரனைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் பழியை வேறொருவன் மேல் போடுகிறான். ஏழு சீசனும் அந்த ஒரு கொலையின் மேல்தான் நிற்கிறது.

கடைசிக்கு முந்தைய எபிசோடில் மத்திய அரசுத் துறையோடு ஒப்பந்தம் போடுகிறான். செய்ததையெல்லாம் சொல்லிவிட்டால் வழக்கு கிடையாது. எதிரே ஒரு பெண் அதிகாரி. ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறது. அவன் உடனே பேசுவதில்லை. நீ சீரியலில் இவ்வளவு நீளமான மௌனம் பார்த்திருக்கமாட்டாய். அப்புறம் முதல் வாக்கியமாக அந்தக் கொலையைச் சொல்கிறான். சொல்லச் சொல்ல அவன் குரல் தெளிகிறது, கிட்டத்தட்டப் பெருமை வந்துவிடுகிறது. அவள் முகம் வெளுக்கிறது. எனக்கு நீ என்ன செய்துவிட்டாய் தெரியுமா என்கிறாள். இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன் என்கிறான். வருத்தம் துளிக்கூட இல்லை.

சரி, உண்மை வந்தாயிற்று, ஆள் சட்டப்படி தப்பியும் விட்டான். இங்கே முடித்திருந்தால் உன்னைப் போலவே நானும் கத்தியிருப்பேன். கடைசி எபிசோடில்தான் அந்த வாக்குமூலம் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரசுப் பாதுகாப்பில், அவன் கண்டுபிடிக்கவே முடியாத இடத்துக்குப் போய்விடுகிறாள். கடைசிவரை கூட நின்ற நண்பன் ரோனிக்கு ஒப்பந்தத்தில் இடம் இல்லை என்பதே அவனுக்குத் தெரியாது. ஸ்டேஷன் நடுவில், விக்கின் கண் முன்னால், கையில் விலங்கு மாட்டும்போதுதான் தெரிகிறது. இன்னொரு நண்பன் ஷேன் தன் மனைவிக்கும் பச்சைப் பிள்ளைக்கும் விஷம் கொடுத்துவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் எழுதி வைத்த கடிதத்தை ஸ்டேஷன் தலைவி கிளாடெட், விசாரணை அறையில் விக்கை உட்கார வைத்து வாசித்துக் காட்டுகிறாள். செத்துக் கிடந்தவர்களின் படங்களை மேஜையில் பரப்பிவிட்டு வெளியே போய்விடுகிறாள். நூற்றுக்கணக்கான பேரை அவன் உட்கார வைத்த அதே அறை, அதே நாற்காலி. அவள் அவனைத் திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

அப்புறம் அவனுக்கு வேலை கொடுக்கிறார்கள். கோட்டு டை, ஒரு சின்ன மேஜை, தினமும் அறிக்கை, மூன்று வருடம். ஒப்பந்தத்தின்படி எல்லாம் சரியாகக் கிடைத்திருக்கிறது! தெருதான் அவன் உயிர், அந்தத் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். சிறையில் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நியாயமாகப் பட்டிருக்காது.

இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வருவது, 2022 ஆகஸ்டில் முடிந்த 'பெட்டர் கால் சால்'. மோசடி வக்கீல் சால் குட்மேன், மாட்டிக்கொண்ட பிறகு, வாய்ச்சாலகத்தால் தண்டனையை ஏழரை வருடத்துக்குப் பேசி முடித்து வைத்திருக்கிறான். கோர்ட்டில், முன்னாள் மனைவி கிம் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து, அத்தனையையும் தலைமேல் ஏற்றுக்கொள்கிறான், அண்ணனுக்குச் செய்த துரோகம் உட்பட. நீதிபதியிடம் தன் சொந்தப் பெயரைத் திருப்பிக் கேட்கிறான். 86 வருடம் கிடைக்கிறது. '313'இல் வரிசையாகப் 'பொய்' என்று பார்த்தே பழகிய எனக்கு அந்தக் காட்சியில் தொண்டை அடைத்துவிட்டது.

'தி வயர்' மட்டும் என் கணக்குக்குள் முழுதாக அடங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பால்டிமோர் நிருபராக இருந்த டேவிட் சைமன் எடுத்தது, 60 எபிசோடு. அங்கே குற்றவாளி ஒரு ஆள் இல்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து செய்வதற்கு யார் வாக்குமூலம் கொடுப்பது? கடைசியில் ஆட்கள் மாறுகிறார்கள், இடங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் பபிள்ஸ் இருக்கிறானே, போதைக்கு அடிமையாகக் கிடந்தவன். அவனைச் சகோதரி நிலவறையில் படுக்க விட்டு மேல் கதவைப் பூட்டி வைத்திருந்தாள். போதையிலிருந்து மீள்கிறவர்களின் கூட்டத்தில் எழுந்து தன் துக்கத்தைப் பேசிய பிறகு, கடைசி எபிசோடில் அவன் படியேறி வந்து அவள் சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறான். அவ்வளவு பெரிய தொடரில் ஒருவனுக்கு ஒரு சாப்பாடு. எனக்குப் போதுமானதாக இருந்தது.

நீ எனக்காக ஒன்று செய்ய வேண்டும். ராத்திரி டூட்டி முடித்துத் தனி அறைக்கு வந்து இதையெல்லாம் பார்க்கிறாய். "எதுவுமே" என்று நீ சொன்னபோது உன் குரல் களைத்திருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. அடுத்து 'தி ஷீல்ட்' ஆரம்பி. முதல் இரண்டு சீசன் முரட்டுத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள். நடுவில் இணையத்தில் எதையும் தேடிப் படிக்காதே, நான் மேலே சொன்னதே அதிகம். கடைசி இரண்டு எபிசோடையும் மறுநாள் லீவு இருக்கும்போது ஒரே மூச்சில் பார். முடிந்ததும் ஃபோன் போடு, இங்கே நேரம் என்ன என்று பார்க்காதே. விக்குக்குக் கிடைத்தது போதுமா என்று உன்னிடம் கேட்க வேண்டும். அம்மா போதாது என்கிறாள்.

அன்புடன்,
அப்பா